எதிர்ப்பு விடை

தம்பிக்கு ஐம்பது வயதாக இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையில் அவனுக்குத் தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர நான்கு ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாம் உண்டு. அங்கே அவனைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். ஆனால் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அவன் வெறும் தம்பிதான். அக்கா அப்படிக் கூப்பிட, அவள் தெருவும் அப்படியே கூப்பிட, கடைசியில் பஸ் நடத்துனர் வரைக்கும் அது பரவிவிட்டது. நாமும் தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த ஊருக்கு வடக்கே ஒரு குன்று வரிசை. பெரிய அழகு என்று சத்தியம் செய்ய முடியாது. புல்லும் பாறையும்தான். வெளியூரிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்று யாரும் வந்ததில்லை. ஆனால் எந்த வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும். அதன் உச்சி நெடுக இருபத்துநான்கு காற்றாலைகளை நிறுத்துவது என்று எரிசக்தி வாரியம் திட்டம் போட்டது. ஊர் இரண்டுபட்டது. புகையில்லாத மின்சாரத்தை வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது என்றது ஒரு பாதி. குன்றை வெட்டி ரோடு போட்டு, கம்பம் நட்டுவிட்டால் அப்புறம் எதன் முகத்தில் விழிப்பது என்றது இன்னொரு பாதி. ஒரு பக்கம் நியாயமும் மறுபக்கம் அநியாயமும் இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் டீக்கடையில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

வாரியம் விவரமானது. தானே போய் அடி வாங்குவானேன் என்று பல்கலைக்கழகத்திடம் ஓர் ஆய்வறிக்கை கேட்டது. நிலக்காட்சியைப் பற்றிய சச்சரவு என்பதால் தத்துவத்துறை ஓர் அத்தியாயமும், சமூகவியல் துறை ஓர் அத்தியாயமும் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டாம் அத்தியாயம் தத்துவ ஆசிரியருக்கு, நான்காம் அத்தியாயம் தம்பிக்கு.

தத்துவ ஆசிரியரும் தம்பியும் ஒரே மாடியில் பதினோரு வருடம் எதிரெதிர் அறையில் இருப்பவர்கள். நல்ல சினேகிதர்கள், ஒருவர் வேலையை ஒருவர் மதிக்காத சினேகிதர்கள். "கையில ஒரு தாள வச்சுக்கிட்டு வீடு வீடாப் போய் மனசுல என்ன இருக்குன்னு கேட்டா, சொல்லிடுவாங்களா?" என்பார் தத்துவ ஆசிரியர். "நீங்க நாற்காலிய விட்டே எந்திரிக்காம கண்டுபிடிச்சிடுவீங்களா?" என்பான் தம்பி. அத்தோடு இருவரும் டீ குடிக்கப் போவார்கள். ஊருக்குப் போய் வந்தவன் தம்பி மட்டும்தான். தத்துவ ஆசிரியர் அந்தக் குன்றைப் புகைப்படத்தில்கூடப் பார்க்கவில்லை.

அக்கா இல்லையென்றால் தம்பிக்கு அங்கே ஒரு வாசல்கூடத் திறந்திருக்காது. வாரியம் அனுப்பிய ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். அக்காதான் நான்கு நாள் தன் வேலையைப் போட்டுவிட்டு அவனோடு தெருத் தெருவாக அலைந்தாள். "என் தம்பிதான். பயப்படாதீங்க. மனசுல பட்டத எழுதுங்க, அவன் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேப்பான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். சில பேர் தாளை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து அக்காவிடம் கொடுத்தார்கள். சில பேர் தம்பி கையிலேயே கொடுத்தார்கள். தெருமுனைத் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, அரை மணி நேரம் யோசித்து எழுதி, தாளை நாலாக மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்.

அதில் பதினேழாவது கேள்விதான் முக்கியம். "இந்தக் குன்றின் தோற்றம் மாறுவதற்கு ஈடாக, உங்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு தொகை கிடைத்தால் போதும் என்று கருதுவீர்கள்?" பக்கத்தில் ஒரு கட்டம். அதில் ஓர் எண்ணை எழுத வேண்டும்.

நூற்றைம்பத்தொரு பேர் எண் எழுதியிருந்தார்கள். அறுபத்தொரு பேர் எழுதவில்லை. எழுதாமல் சும்மா விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஒருவர் கட்டத்தைத் தாள் கிழியக் கிழிய அடித்திருந்தார். ஒருவர் "வெட்கமாக இல்லையா" என்று எழுதியிருந்தார். "வேண்டாம்" என்று எழுதிய தாள்கள் மட்டும் இருபதுக்கு மேல். ஒரு தாளில், பேனாவை அழுத்தி எழுதும் ஒரு கை, "இதற்கு ஒரு விலையைச் சொல்லிவிட்டு அப்புறம் ஜன்னலை எப்படித் திறப்பது?" என்று எழுதியிருந்தது. தாளில் பெயர் கிடையாது. ஆனால் பள்ளிக்கூட நாட்களில் தம்பியின் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த கை அது.

இந்த மாதிரி விடைகளுக்கு அவன் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது. எதிர்ப்பு விடை. கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேள்வியையே எதிர்ப்பவர்கள், ஆகவே சராசரி போடுவதற்கு முன் அவற்றை நீக்கிவிட வேண்டும். தம்பி திருட்டுத்தனமாகக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல இது. பாடப்புத்தகத்தில் உள்ளது, வருடா வருடம் அவனே கரும்பலகையில் எழுதி நடத்துவது. அறுபத்தொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் "எ.வி." என்று குறித்து ஒரு பெட்டியில் தனியாகப் போட்டான். அக்காவின் தாள் வந்தபோது கை ஒரு கணம் நின்றது. சொந்த அக்கா என்பதற்காக விதியை வளைக்கக் கூடாது என்று நினைத்து அதிலும் "எ.வி." போட்டான். தன் நேர்மையை நினைத்து அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும்.

அறிக்கையில் அவன் எழுதிய வாக்கியம் இது: "கணக்கில் கொள்ளத்தக்க விடை அளித்த அனைவரும் ஒரு தொகையைக் குறிப்பிட்டுள்ளனர்." அறுபத்தொரு தாள் நீக்கப்பட்ட விவரம் முப்பத்தெட்டாவது அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் இருந்தது. பொய் ஒரு சொல்கூட இல்லை.

அறிக்கையை ஊரார் முன் வைக்கும் கூட்டத்துக்கு அவன் காலை பஸ்ஸில் கிளம்பினான். நான்கு மணி நேரப் பயணம். செல்போனில் சார்ஜ் குறைவு, ஜன்னலோரத்தில் வெயில். வேறு வழியில்லாமல் பையிலிருந்த அறிக்கையை எடுத்துப் புரட்டினான். அப்போதுதான் முதல் முறையாக இரண்டாம் அத்தியாயத்தைப் படித்தான்.

தத்துவ ஆசிரியர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஓர் இடத்தோடு ஒருவருக்குள்ள உறவை வேறு ஒன்றுக்கு மாற்றாகத் தர முடியாமல் போகலாம். பெற்ற பிள்ளைக்கு விலை கேட்டால் வாயடைத்துப் போகிறவருக்குக் கேள்வி புரியவில்லை என்று அர்த்தமில்லை, மிக நன்றாகப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். விலை சொல்ல மறுப்பதே இந்தச் சச்சரவில் ஒருவர் தரக்கூடிய மிகத் தெளிவான விடை. அதை எண்ணாத ஆய்வு எதையும் எண்ணவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கம். அங்கிருந்து ஐம்பது பக்கம் தள்ளி, அதே அட்டைக்குள், தம்பி அந்த விடைகளை வெளியே தூக்கிப் போட்டிருந்தான்.

இருந்த கொஞ்சம் சார்ஜில் தத்துவ ஆசிரியரைக் கூப்பிட்டான்.

"உங்க அத்தியாயத்த இப்பதான் படிச்சேன்."

"அப்போ ஒருத்தராவது படிச்சிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்."

"விளையாடாதீங்க. விலை சொல்ல மறுத்தவங்க அறுபத்தொரு பேரு. நான் அவங்கள கணக்குலேர்ந்து எடுத்துட்டேன்."



"அந்த அறுபத்தொரு பேருதானே என் அத்தியாயமே," என்றார் தத்துவ ஆசிரியர்.

"நீங்க நாலாம் அத்தியாயத்தப் படிச்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாம்."

"எண்களப் பாத்தா நான் பக்கத்தத் தள்ளிடுவேன். உங்களுக்குத் தெரியாதா?" அவர் குரலிலும் வெட்கம் இருந்தது. "கூட்டத்துல எந்திரிச்சு ஒரு வரி சொல்லிடுங்க. அறுபத்தொரு பேரு மறுத்தாங்க, நாங்க எண்ணாம விட்டுட்டோம்னு. ஒரே வரி."

ஒரே வரி. தம்பி அதை மீதிப் பயணம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். பஸ்ஸில் அது சுலபமாகத்தான் இருந்தது.

பொது மண்டபத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அக்கா இரண்டாவது வரிசையில், தெருக்காரர்களுக்கு நடுவில், துவைத்து மடிப்புக் கலையாத உடையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மேடையில் ஏறியபோது பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்கவே வேண்டாம்.

வாரிய அதிகாரி இளைஞர், மரியாதையானவர். அறிக்கையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, எல்லோருக்கும் புரியட்டும் என்று சாதாரணப் பேச்சில் சொன்னார்: "அதாவது, விடை சொன்ன எல்லாருமே ஒரு தொகைக்குச் சம்மதிச்சிருக்காங்க. ஒருத்தர்கூட மறுக்கல. தொகை கூடக் குறைய இருக்கலாம், அத உக்காந்து பேசிக்கலாம்."

தையல்காரம்மா எழுந்தார்.

"நான் மறுத்தேனே. வேண்டாம்னுதான் எழுதினேன்."

"நானும்தான்," என்றார் சலூன்காரர். தபால்காரரும் எழுந்தார். அதற்குப் பின்னால் யார் யாரோ எழுந்தார்கள். எண்ணுவதற்குத் தம்பிக்குத் தெம்பில்லை. தொகை எழுதியவர்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "அப்போ இவங்க எழுதினதெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டதே தொகை எழுதியவர்களில் ஒருவர்தான்.

அதிகாரி தம்பியைப் பார்த்தார். ஊரே தம்பியைப் பார்த்தது. இதுதான் சமயம். ஒரு வரி. தம்பி மைக்கைப் பிடித்தான். "அது வந்து..." என்றான். "இந்த மாதிரி ஆய்வு முறையில..." என்றான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கை. பல்கலைக்கழகத்தின் முத்திரை. தன் மாணவர்களின் முகம். எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. முகத்தில் ஈயாடவில்லை. மைக்கில் அவன் மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று கேட்டது.

அக்கா எழுந்தாள்.

"அந்தத் தாளெல்லாம் என்கிட்டதான் இருக்கு," என்றாள். "எங்க தெருவுல குடுத்தத நான் வாங்கி வச்சேன். அவன்கிட்ட குடுக்க மறந்துட்டேன். வீட்டு அலமாரில கெடக்கு. தப்பு என்னோடதுதான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

தையல்காரம்மா அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "நாலு நாள் வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போனது அலமாரில வைக்கத்தானா?" என்றது. சில பேர் சிரித்தார்கள். அக்கா அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு நின்றாள். அதிகாரி, இது வருந்தத்தக்கது, இருந்தாலும் அறிக்கை அறிக்கைதான், பதினைந்து நாளில் வாரியம் முடிவு செய்யும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். தம்பி மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அப்பாடா. அந்த அப்பாடாவை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நான் சொல்கிறேன்.

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா ஒன்றும் நடக்காதது போலப் பரிமாறினாள். அத்தான் குழாய் பழுது பார்ப்பவர், கூட்டத்துக்கு வரவில்லை. எங்கோ தண்ணீர்க் குழாய் உடைந்து, நனைந்த கால்சட்டையோடு அப்போதுதான் வந்திருந்தார்.

"என்னுது கணக்குல வந்துச்சுல்ல?" என்றார். "நான் நல்ல தொகையாப் போட்டிருந்தேன்."

"வந்துச்சு அத்தான்."

"எனக்கு அந்த மேட்டப் பாத்தா ஒண்ணும் தோணாது. அதுபாட்டுக்கு அது, நான்பாட்டுக்கு நான். உங்க அக்காதான் விடிஞ்சதும் ஜன்னல்ல நிப்பா. அவ என்ன எழுதினான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா."

தம்பி சோற்றை அளைந்துகொண்டிருந்தான். அக்கா எழுதியது அவனுக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்திருந்ததோ என்னவோ. அவன் மென்று விழுங்கி, "அக்கா, நீ எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றான்.

"நீ நின்ன நிலைமையப் பாக்க முடியல. வேர்த்து ஊத்திக்கிட்டு." அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். "ஏதோ தவறிப்போச்சுன்னு தெரிஞ்சுது. என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நாலு பேரு நாலு நாள் என்னப் பேசுவாங்க. நான் இந்த ஊருலதானே இருக்கேன், சமாளிச்சுக்குவேன். நீ சாப்பிடு."

ஏதோ தவறிப்போச்சு. அவள் அதை ஒரு விபத்து என்றே நினைத்திருந்தாள். தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தபோது வாசல் கதவைத் தட்டினார்கள்.

அக்கா போய்த் திறந்தாள். தையல்காரம்மா, சலூன்காரர், தபால்காரர் மூவரும் வாசல்படியில் நின்றார்கள். தம்பி இருந்த உள்ளறைக்குக் குரல்கள் தெளிவாகக் கேட்டன.

"அந்தத் தாள எடுத்துக் குடும்மா," என்றார் தையல்காரம்மா. "சாயங்காலம் பஸ்ல வாரிய ஆபீசுக்குப் போறோம். நாங்களே நேர்ல குடுத்துட்டு வந்துடுறோம்."

"எடுத்துட்டு வரேன்," என்றாள் அக்கா.

அவள் உள்ளே வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. நேரே அலமாரியின் முன்னால் போய் இரண்டு கதவையும் திறந்தாள். மேல்தட்டில் மடித்து வைத்திருந்த போர்வைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அடியில் ஒன்றுமில்லை. அடுத்த தட்டிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். இல்லாத தாளை இருக்கிற தாளைப் போல அவள் உண்மையாகவே தேடினாள். பழைய காகிதப் பை ஒன்றை எடுத்து, வாசலுக்குக் கேட்கும்படி சலசலவென்று குலுக்கினாள்.

"எங்க வச்சேன்னு தெரியலையே," என்று உரக்கச் சொன்னாள். "இருங்க, கீழ்த்தட்டுல பாக்குறேன்."

அவள் காது மடல்கள் சிவந்திருந்தன. குனிந்து உட்கார்ந்து கீழ்த்தட்டில் கையை விட்டாள். அத்தான் தட்டில் கை வைத்தபடி மனைவியையும் மைத்துனனையும் மாறி மாறிப் பார்த்தார். தாள்கள் நூறு மைலுக்கு அப்பால், மூன்றாவது மாடியில், பூட்டிய அறையில், "எ.வி." என்று எழுதிய பெட்டியில் இருந்தன. தம்பி எச்சில் கையோடு எழுந்தான். எழுந்தவன் அக்காவைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவள் நிமிரவில்லை.

வாசலுக்குப் போனான். மூவரும் அவனைப் பார்த்தார்கள்.

"தாள் இங்க இல்லீங்க," என்றான். "எல்லாத் தாளும் என்கிட்ட வந்துச்சு. அறுபத்தொரு தாள நான்தான் எடுத்துத் தனியாப் போட்டேன். தொகை எழுதாதவங்கள எண்ணக் கூடாதுன்னு எங்க முறையில ஒரு விதி. நான்தான் எண்ணல. அக்கா மறக்கல. அக்கா எழுதினதும் அந்த அறுபத்தொண்ணுல இருக்கு. நாளைக்கே வாரியத்துக்கு எழுதுறேன். என் பேர் போட்டு எழுதுறேன்."

சலூன்காரர் தரையைப் பார்த்தார். தபால்காரர் தெருவைப் பார்த்தார். தையல்காரம்மா மட்டும் அவன் முகத்தையே பார்த்தார்.

"தெரியும் தம்பி," என்றார். "நான் உங்க கையிலதானே குடுத்தேன். உங்க அக்கா எந்திரிச்சு நின்னு சொன்னப்பவே தெரியும்."

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"அவள இன்னும் எவ்வளவு தூரம் பொய் சொல்ல விடுவீங்கன்னு பாக்கத்தான் வந்தோம்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தம்பி தாங்கியிருப்பான்.

உள்ளே துணிகளை எடுத்து வைக்கும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி கதவுப் பக்கம் திரும்பி, "அக்கா, போதும். தேடாத. அவங்களுக்குத் தெரியும்," என்றான்.

சத்தம் நின்றது. மூவரும் காத்திருந்தார்கள். தம்பியும் காத்திருந்தான். அக்கா வெளியே வரவில்லை.